தங்கச்சி போட்ட அப்பீல்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் தங்கச்சி. மேலாளரில் தொடங்கி வேன் டிரைவர் வரை எல்லோருக்கும் தங்கச்சிதான். அக்கா ஒருத்தி இருந்ததால் வந்த பட்டம் அது. கூடப்பிறந்த அக்கா இல்லை. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த அக்கா. முதல் நாள் எதிரே வந்து நின்றவளின் நெற்றியோர நரையைப் பார்த்ததும் இவள் வாயில் "அக்கா" என்று வந்துவிட்டது. அவளும் "சொல்லுடி" என்றுவிட்டாள். அவ்வளவுதான், உறவு ஒட்டிக்கொண்டது.

அடுத்த மாதம் அடையாள அட்டை வந்தபோதுதான் தெரிந்தது, அந்த அக்காவைவிட இவள் எட்டு மாதம் மூத்தவள். சொன்னாளா? மூச்சு விடவில்லை. எப்படிச் சொல்வாள், சுகம் கண்டுவிட்டாளே! தெருத் தெருவாகப் போய், குழாயின் வாயைக் கிருமி சாக நெருப்பில் வாட்டி, பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஐஸ்பெட்டியில் வைத்துத் தூக்கிவர வேண்டும். அதுதான் வேலை. பெட்டி பிணக்கனம் கனக்கும். "நீ சின்னவ, விடுடி" என்று அக்காவே தூக்குவாள். மாடிப்படி ஏறுவதும் அக்கா, வீட்டுக்காரர்களிடம் வசவு வாங்குவதும் அக்கா. இவள் பாட்டிலில் சீட்டு ஒட்டிக்கொண்டு கையை வீசிப் பின்னால் போவாள். பதினோரு வருஷம் இப்படியே ஓடிற்று.

அப்புறம் ஆட்குறைப்பு வந்தது. தண்ணீர் பிடித்துவர ஒருத்தர் போதும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. யாரை அனுப்புவது என்று மேலாளர் மண்டையை உடைத்துக்கொள்ளவே இல்லை. அக்கா மூத்தவள், தங்கச்சி இளையவள், இளையவள் போகட்டும். தீர்ந்தது கதை. உத்தரவு வந்த அன்று இவள் அழுததைவிட அக்கா அழுததுதான் அதிகம்.

தொழிற்சங்கத்துக்காரர் விஷயத்தைக் கேட்டதும் துள்ளிக் குதித்தார். "ஒரே நாள்ல சேர்ந்திருந்தா வயசுல பெரியவங்கதான்மா சீனியர். இது ரூல். அப்பீல் போடு, கண்ணை மூடிக்கிட்டு ஜெயிச்சிடலாம்."

"அப்ப அவங்க?"

"இருக்கறது ஒரு இடம். அவங்க போகணும், வேற என்ன?"

மனுவையும் அவரே எழுதிக் கொடுத்தார். அக்காவுக்கு ஒரு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். கெடு முப்பது நாள். இவளோ மனுவைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டு இன்றைக்கு, நாளைக்கு என்று கடத்தினாள். அக்காவின் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்ததிலிருந்து படுத்த படுக்கை. அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அக்கா சம்பளத்தில்தான். இவள் வீட்டில் மட்டும் என்ன கொட்டியா கிடக்கிறது? பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. தையல் கடையில் வேலை வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை என்றிருக்கும் புருஷன். "அவங்க பாவம்னா நம்ம பிள்ளைங்க பாவம் இல்லையா?" என்று அவன் கத்தினான். அவன் சொன்னதிலும் தப்பில்லை.

கடைசி நாள் மத்தியானம் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். யாரென்று நினைக்கிறீர்கள்? அக்காவேதான், அரை நாள் லீவு போட்டுவிட்டு.

"அடியே, இன்னைக்கு அஞ்சு மணியோட கெடு முடியுதாமே! மேலாளர் சொன்னாரு. நீ என்னடான்னா உட்கார்ந்து வெங்காயம் உரிச்சிட்டிருக்க. கிளம்பு, கிளம்பு!"

"வேணாம்க்கா. என்னத்த கிடைக்கப்போகுது."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு? கெஞ்சிக் கேட்டா இரங்க மாட்டாங்களா? ஏறுடி."

அக்கா அதைக் கருணை மனு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி நினைக்கவிட்டதும் இவள்தான். போகிற வழியிலாவது சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தரம் வாயெடுத்தாள். சிக்னலில் வண்டி நின்றபோது சொல்லியிருக்கலாம். அதற்குள் அக்கா திரும்பி, "முகத்தைத் தொடச்சுக்கோ, ஆபீசர் முன்னாடி இப்படியா போய் நிக்கறது" என்று கைக்குட்டையை நீட்டினாள். வந்த வார்த்தையும் உள்ளே போயிற்று.

மேல்முறையீட்டு அலுவலகத்தில் ஒரே கவுன்ட்டர், நீள வரிசை. முறை வந்தபோது அக்கா பக்கத்திலேயே முட்டிக்கொண்டு நின்றாள். எழுத்தர் மனுவைப் புரட்டிவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"இதனால பாதிக்கப்படறவங்களுக்கு நகல் கொடுத்ததுக்குக் கையெழுத்து எங்கம்மா? அது இல்லாம வாங்க முடியாது."

"சார் சார், அப்படிச் சொல்லாதீங்க" என்று அக்கா முந்திக்கொண்டாள். "யாரு சார் அது? வீடு எங்கன்னு சொல்லுங்க, பறந்துபோய் வாங்கிட்டு வந்துடறேன். இன்னும் நேரம் இருக்கே!"

எழுத்தர் பெயரைப் படித்தார். புருஷன் பெயர், வேலை, பிரிவு எல்லாம் சேர்த்து நிதானமாகப் படித்தார்.

அக்கா சிரித்தாள். மனுஷன் ஏதோ தப்பாகப் படிக்கிறார் என்று நினைத்த சிரிப்பு. பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். மனுவை வாங்கி, பிறந்த தேதி இருந்த இடம்வரை விரலை வைத்துப் படித்தாள்.

"நீ என்னைவிடப் பெரியவளா?"

இவள் தலையை ஆட்டினாள்.

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"சேர்ந்த புதுசுலேருந்தே."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மனுவைப் பிடுங்கிக் கிழித்துப்போட்டுவிடலாமா என்று இவளுக்கு வந்தது. பிள்ளைகளின் முகம் வந்தது; கை எழவில்லை. "போடாதே அக்கா" என்று சொல்லவும் வாய் வரவில்லை. பாவி, அக்கா கையெழுத்துப் போட்டுவிட மாட்டாளா என்றுதான் அந்த நேரத்திலும் மனசு அடித்துக்கொண்டது.

"நீங்க வேணும்னா பதில் மனு போடலாம்மா" என்றார் எழுத்தர்.

"என்னத்த போடறது? பொய் ஒண்ணும் எழுதலையே சார்." அக்கா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும் இவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாலு அறை அறைஞ்சிடுக்கா. ஏதாவது திட்டிடு."

"இத்தனை வருஷம் பெட்டி தூக்க வச்சியே, அதுக்குத் திட்டறதா, இதுக்குத் திட்டறதா?" குரலில் சூடே இல்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். "ஏறு. கூட்டிட்டு வந்தவ நான்தானே."

பள்ளம் வந்தால் "பிடிச்சுக்கோடி" என்று கத்துகிறவள் அக்கா. இன்று பள்ளங்கள் அவைபாட்டுக்கு வந்து போயின. வீட்டு வாசலில் இறங்கியதும் இவள் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வாக்கா, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ."

"இல்லடி" என்றாள் அக்கா, இன்ஜினை அணைக்காமலே. "போற வழியில யோசிக்கணும், வீட்டுல அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு."