வெஸ்லின் கேட்ட பேனா

பேச்சு வராது என்றார்கள். என் தம்பி வெஸ்லின் பேசினான். தனியாக டவுன் பஸ் ஏறினான். ஓசூரில் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை வாங்கினான். அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் உதவியாளர்களோடு வாழும் இல்லத்தில் ஆறு வருடமாக இருக்கிறான்.

அம்மா இறந்தபின் காவேரிப்பட்டினம் வீட்டில் நான் மட்டும்தான். அவனை ஒரேயடியாகக் கூட்டிவரப் போனேன். அங்கே தொடர்ந்து தங்க வருடந்தோறும் ஒரு ஒப்புதல் படிவம் உண்டு. பொறுப்பாளர் கவிப்ரியா என்னைக் கேட்காமல் அவனைக் கேட்டார்.

“அக்காகூட போறியா வெஸ்லின், இங்கயே இருக்கறியா?”

“இங்கதான். அக்கா, நீ ஞாயித்துக்கிழம வா. டீ போட்டுத் தர்றேன்.”

“வீட்ல நான் ஒண்டியா கெடக்கறேன்டா.”

“அதான் வரச் சொல்றேன்.”

எந்தப் படிவத்துக்கும் கைரேகைதான் வைப்பான்; அந்தப் பழக்கத்தில் அவன் கட்டைவிரலைப் பிடித்து ஸ்டாம்ப் பேடில் வைக்கப்போனேன். கையை இழுத்துக்கொண்டு பேனா கேட்டான். தன் பெயரின் நான்கு எழுத்தையும் நிதானமாக எழுதினான். அவன் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள் 12.06.2024.