நம்பருக்குக் காசு தந்த நானா

மகளை முதலாம் ஆண்டில் சேர்க்கப் போனபோது கிளினிக் அட்டையைக் கேட்டார்கள். ஊசி போட்ட திகதிகளுக்குக் கீழே, என் கையெழுத்தில், பாதியில் நிற்கும் ஓர் இலக்கம். ஆசிரியை என்னவென்று கேட்டார். பழைய போன் நம்பர் என்றேன். அது பொய்.

அது போனுக்குக் காசு ஏற்றும் ரீலோட் கார்ட் ஒன்றின் இலக்கம். வாகரையில் எங்கள் அலுமாரியோடு சேமிப்பையும் கடல் கொண்டுபோனது. பிறகு சண்டை வந்து, ஏறாவூருக்குப் பக்கத்தில் முகாமில் இருந்தோம். கொழும்பில் மேசன் வேலை செய்த கணவருக்கு ஆட்களிடம் காசு கொடுத்துவிடப் பயம்; வழியெல்லாம் சோதனை. அதனால் அவர் அங்கே கார்ட் வாங்கிச் சுரண்டி, ஏறாவூரில் போன் பேசும் கொமினிகேஷன் கடை வைத்திருந்த, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணரின் போனுக்கு எடுத்து, இலக்கத்தை எனக்கு வாசிப்பார். நானா அதை வேறு ஆட்களின் போனுக்குப் போட்டுவிட்டு, எனக்குக் காசாகத் தருவார்.

இன்று போன் கொம்பனிப் பிள்ளைகள் சந்தியில் குடை விரித்துக்கொண்டு, "போனிலயே காசு அனுப்பலாம் அக்கா, லேசு" என்கிறார்கள். லேசு என்று நாங்கள் தொடங்கவில்லை. பயத்தில் தொடங்கினோம். விடாமல் தொடர்ந்தது நானாவை நம்பி.

ஒரு நாள் மகளுக்குக் கடுங்காய்ச்சல். கணவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தது. கையிலிருந்த கிளினிக் அட்டையில் பாதி இலக்கத்தைத்தான் எழுதியிருந்தேன். நானா எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள, நம்பருக்கும் காய்ச்சலா? அரைவாசிதான் வந்திரிக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் லாச்சியைத் திறந்து காசை எடுத்து நீட்டினார். "மிச்சம் வாற நேரம் வரட்டும். முதல்ல புள்ளைக்கி மருந்த எடுங்க."

மருந்தோடு திரும்பும் வழியில் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர்கள் பையைக் கொட்டினார்கள். தமிழ் தெரிந்த ஒருவன் அட்டையைப் பார்த்து, "இது என்ன கோட் நம்பர்? யார் குடுத்தது?" என்றான். கணவரின் பெயர் வாய்வரை வந்தது. கொழும்பில் தனியாக இருக்கும் தமிழ் இளைஞன். பிடித்தால் எங்கே போய்த் தேடுவேன்? "ஏறாவூர் நானாட கடையில சொன்ன நம்பர்" என்றேன். அதுவும் முழுப் பொய்யில்லை என்று அப்போதே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அட்டையைத் தந்து போகச் சொன்னார்கள்.

அன்று பின்னேரமே நானாவைக் கொண்டுபோனார்கள். பல நாள் கழித்து விட்டார்கள். கடை பிறகு திறக்கவேயில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் யாருக்கும் ஒன்றும் நடந்திருக்காதோ? கணவரை இழந்திருப்பேனோ? இன்றும் தெரியவில்லை.

சண்டை முடிந்து வருடங்களாகிவிட்டன. மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க ஏறாவூர் போனேன். வீதியோரம் படங்கு விரித்துச் சப்பாத்து விற்றவர் நானா. கணவர் அனுப்பிய காசு போனில் இருந்தது.

"போனால அனுப்பட்டா நானா?"

அவர் வலது காதைத் திருப்பினார். மறு காது கேட்காதாம். இன்னொரு தடவை சொன்னேன்.

"நம்பர் வேணாம் புள்ள. காசக் கையில தாங்க." பிறகு, மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என்னக் காட்டிக்குடுத்த ஆள் ஆரெண்டு இன்னும் தெரியா. நம்பரோட வந்தவங்க கனபேர். ஒருத்தர் ஒருத்தரா யோசிச்சிப் பாத்திரிக்கன். ஒங்கள மட்டும் நினைக்கயில்ல."

மகளின் கால் அளவைச் சொன்னேன்.