இரண்டாம் சுற்றுக்கு முந்தைய மாலை

ஜார்ஜியா நாட்டின் குத்தாயிசி நகரில் மகன் சிறையில் இருப்பவர்களும், ஓய்வூதியம் நின்றுபோனவர்களும், வாடகை வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்களும் கடைசியில் வந்து சேரும் இடம் வக்கீல் மக்வாலாவின் ஒற்றை அறை அலுவலகம்தான். கூரை ஒழுகும். குளிர்காலத்தில் கட்சிக்காரரும் வக்கீலும் கோட்டைக் கழற்றாமலே பேசுவார்கள். ஐம்பத்தெட்டு வயது வரை மக்வாலா இதற்கு மேல் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆசை எல்லாம் எதேரிக்குத்தான். சட்டக் கல்லூரி விடுதியில் இருவரும் ஒரே அறை. லோபியோ சட்டியின் அடியில் ஒட்டிய பீன்ஸுக்காக இருவரும் போட்ட சண்டை மாடி முழுக்கப் பிரசித்தம். எதேரி தலைநகர் திபிலிசியிலேயே தங்கிப் பேராசிரியர் ஆனாள். ஜார்ஜியா ஐரோப்பிய அவையில் சேர்ந்த வருடம், "ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமைக் கோர்ட்டுல நம்ம நாட்டுக்குன்னு ஒரு நாற்காலி உண்டுடி. ஒரு நாள் அதுல நான் உட்காருவேன்" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் பிரெஞ்சு படித்தாள். மனித உரிமைச் சட்டத்தில் இரண்டு கனமான புத்தகங்கள் எழுதினாள்.

அந்த நாற்காலி காலியானபோது அரசாங்கம் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. எதேரி இருந்தாள். தாரியேல் என்ற மேல்முறையீட்டு நீதிபதி இருந்தார். மூன்றாவது ஆளுக்கு மாரடைப்பு வந்து அவர் விலகிக்கொண்டார். மறுபடி விண்ணப்பம் கேட்டார்கள். எதேரி அன்றைக்கே மக்வாலாவை அழைத்தாள்.

"நீ போடுடி. உங்கப்பா சொல்லிக் குடுத்ததுல உனக்கு பிரெஞ்சு நல்லா வரும். அந்தக் கோர்ட்டுக்கே எழுதி எழுதி இங்கிலீஷும் வந்தாச்சு. மூணு பேர் இல்லைன்னா பட்டியலைத் திருப்பி அனுப்பிடுவாங்க."

"நான் எதுக்குடி? அங்க போய் உளறவா?"

"பயப்படாதே. உனக்கு யாரும் ஓட்டுப் போடப் போறதில்லை."

இருவரும் சிரித்தார்கள். மக்வாலா போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் முள்ளாக உள்ளே குத்திக்கொண்டிருந்தது.

அவள் கணவன் கோச்சா, பள்ளிக்கூடத்தில் மல்யுத்தம் கற்றுக்கொடுப்பவன். செய்தி கேட்டு ஒரு வாரம் அவளை ஓட்டினான். "நீ ஜட்ஜ் ஆனா நான் அங்க என்ன பண்றது? பிரெஞ்சுக்காரனுக்கு ஒயின் போடச் சொல்லிக் கொடுக்கவா?"

"ஆகப் போறதில்லை. நிம்மதியா இரு."

நேர்காணலுக்கு எதேரியும் மக்வாலாவும் ஒரே விமானத்தில் போனார்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கில் டிராமுக்குக் காத்திருக்கும்போது எதேரி அவள் கோட்டுக் காலரைச் சரிசெய்துவிட்டு, "ரொம்பப் பேசாதே, என்ன?" என்றாள். மக்வாலா சிரித்தாள். சரி என்று சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைப் பிற்பாடு அவள் பல முறை நினைவில் எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

தேர்வுக் குழுவில் பல நாட்டு எம்.பி.க்கள் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சட்டக் கேள்விகளுக்கு அவள் பதில்கள் சுமார்தான். ஒரு கேள்விக்குத் தெரியவில்லை என்றே சொன்னாள். பிறகு நார்வேக்கார அம்மாள் ஒருத்தி, "உங்கள் வழக்குகளில் எது உங்களை விட்டுப் போகவில்லை?" என்று கேட்டாள்.

மக்வாலா போந்தோவைப் பற்றிச் சொன்னாள். சிறையில் காசநோய் வந்து, மருந்து கிடைக்காமல் கிடந்த பையன். அவனுக்காக இந்த நீதிமன்றத்துக்கு எழுதினாள், வென்றாள். தீர்ப்பு வந்தபோது அவன் இறந்து மூன்று வருடம். தீர்ப்பை எடுத்துக்கொண்டு அவன் தாயிடம் போனாள். அந்த அம்மாள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை வச்சு நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு" என்று கேட்டாள்.

"தீர்ப்பில் ஒரு சொல் கூடத் தவறில்லை. நேரத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். நான் இங்கே உட்கார்ந்தால் அந்தத் தாமதத்தைப் பற்றித்தான் தினமும் சண்டை போடுவேன்" என்றாள். உட்கார்ந்தால் என்ற சொல் தன் வாயிலிருந்து வந்ததை அவளே கேட்டாள். அந்த நாற்காலி தனக்கு வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

வெளியே எதேரி காத்திருந்தாள். அவள் முறை முன்னமே முடிந்திருந்தது.

"சீக்கிரம் முடிச்சிட்டியா?"

"கொஞ்சம் பேசிட்டேன்."

எதேரி அவள் முகத்தைப் பார்த்தாள். ஆற்றங்கரைக் கடையில் வெங்காய ரொட்டி வாங்கி, பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தார்கள்.

இரண்டு நாளில் குழுவின் பரிந்துரை வந்தது. முதலில் மக்வாலா, அடுத்து எதேரி, பிறகு தாரியேல். அது வெறும் பரிந்துரைதான். தேர்ந்தெடுப்பது ஐரோப்பிய அவையின் பேரவை; அதன் உறுப்பினர்கள் தங்கள் இஷ்டப்படி ரகசியமாக வாக்களிக்கலாம். அன்று எதேரி அழைத்தாள்.

"உங்களுக்கு வாழ்த்துக்கள்."

முப்பத்தெட்டு வருடத்தில் எதேரி அவளை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"எதேரி, நான் விலகிடட்டா?"

"விலகினா பட்டியலே விழுந்துடும். எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க. எனக்கும் இல்லாமப் பண்ணணுமா?"

மக்வாலா விலகவில்லை. யாரிடமும் வாக்குக் கேட்கவும் இல்லை. எதேரி நேரில் போய் உறுப்பினர்களைப் பார்த்தாள். தாரியேலும் பார்த்தார். மக்வாலா வழக்கம்போல அலுவலகத்தில் உட்கார்ந்து ஓய்வூதிய மனு எழுதிக்கொண்டிருந்தாள். தான் நடுநிலையாக நடந்துகொள்வதாகத் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

முதல் சுற்று முடிவைக் கணினியில் கோச்சாவோடு சேர்ந்து பார்த்தாள். பேரவைத் தலைவர் எண்களை வாசித்தார். மக்வாலா முதலில் வந்திருந்தாள், ஆனால் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. தாரியேல் அவளை ஒட்டி இருந்தார். எதேரி வெகுதூரம் பின்னால். மறுநாள் இரண்டாம் சுற்று. அதில் யாருக்கு அதிகமோ அவருக்கு நாற்காலி.

கோச்சா எழுந்து நின்றுவிட்டான். "எதேரியைக் கூப்பிடு. அவளுக்குப் போட்டவங்க நாளைக்கு யாருக்குப் போடுவாங்க? அவ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"தோத்துப்போய் உட்கார்ந்திருக்கிறவகிட்ட உன் ஓட்டைக் குடுன்னு கேட்கச் சொல்றியா?"

"ஓட்டு கேட்க வேணாம். எப்படி இருக்கேன்னாவது கேளேன்."

"அவளே கூப்பிடட்டும்."

"மக்வா, உனக்கு அது வேணுமா வேணாமா? இன்னிக்கு ஒரு நாளாவது நிஜத்தைச் சொல்லு."

அவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டாள். கேட்பது அசிங்கம் என்று நினைத்தாள். 'யாரும் ஓட்டுப் போடப் போறதில்லை' என்று சொன்னவளே முதலில் வாயைத் திறக்கட்டும் என்றும் நினைத்தாள். இதில் எது உண்மை என்று அன்று அவள் ஆராயவில்லை. உள்ளே வந்து, தூங்கப் போகிறேன் என்றாள்.

மறுநாள் ஏழு வாக்கு வித்தியாசத்தில் தாரியேல் நீதிபதியானார்.

அதற்குப் பிறகு தோழிகள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். சண்டையும் இல்லை. புத்தாண்டுக்கு எதேரியிடமிருந்து வாழ்த்து வரவில்லை. மக்வாலாவும் அனுப்பவில்லை.

இரண்டு வருடம் கழித்து விடுதித் தோழி சியாலா இறந்துபோனாள். துக்க விருந்தில் பெண்கள் மேசையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம் கிடைத்தது. இறந்தவளுக்காக வழக்கப்படி ரொட்டியில் கொஞ்சம் ஒயினைச் சிந்திவிட்டுக் குடித்தார்கள். எதேரி மெலிந்திருந்தாள். தட்டிலிருந்த கோதுமைக் கஞ்சியைக் கிளறிக்கொண்டே, வேறு யாருக்கும் கேட்காத குரலில் பேச ஆரம்பித்தாள்.

"அன்னிக்குச் சாயங்காலம் எனக்குப் போட்டவங்க ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, நாளைக்கு யாருக்குப் போடறதுன்னு கேட்டாங்க. கொஞ்சம் பொறுங்கன்னு சொன்னேன். நீ கூப்பிடுவேன்னு இருந்தேன்."

மக்வாலா கோப்பையைக் கீழே வைத்தாள். "நீ கூப்பிட்டிருக்கலாமேடி."

"நான் ஏன் கூப்பிடணும்? ஜெயிக்கப் போறவ நீ. 'எதேரி, அழுதியா'ன்னு நீதானே கேட்கணும்?"

"அழுதியா?"

"இப்பக் கேட்டு என்ன ஆகப் போகுது."

"கடைசியில அவங்களுக்கு என்ன சொன்னே?"

"உங்க இஷ்டம்னு சொன்னேன். நீ என்கிட்ட ஓட்டுகூடக் கேட்டிருக்க வேணாம். கூப்பிட்டிருந்தா நானா குடுத்திருப்பேன்."

மக்வாலா, பால்கனியில் எண்ணை அழுத்தித் துண்டித்ததைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் விருந்தை நடத்திய மேசைத் தலைவர் அடுத்த கோப்பைக்கு எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். நின்றார்கள். உட்கார்ந்தபோது எதேரி எதிரில் இருந்த பெண்ணிடம் பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்திருந்தாள்.

நீதிபதியின் பதவிக்காலம் ஒன்பது வருடம். அது முடியும்போது இருவருமே வயது வரம்பைத் தாண்டியிருப்பார்கள். எதேரி இப்போது பாடம் மட்டும் நடத்துகிறாள். மூன்றாவது புத்தகத்தைப் பாதியில் நிறுத்திவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். தாரியேல் கெட்ட நீதிபதி இல்லை. யார்மீதும் கோபப்பட மக்வாலாவுக்கு வழியில்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

சென்ற வசந்தத்தில் அவளுடைய வழக்கு ஒன்றில் தீர்ப்பு வந்தது. தோல்விதான். தாரியேல் மட்டும் மாறுபட்டு, தாமதமும் ஒரு தண்டனைதான் என்று நாலு பக்கம் எழுதியிருந்தார். மக்வாலா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு எதேரிக்கு அனுப்பினாள். பதில் மறுநாள் வந்தது.

"நல்லா எழுதியிருக்கார். நீ இருந்திருந்தா இன்னும் கோபமா எழுதியிருப்பே."

மக்வாலா அதற்கு மறுமொழி எழுத உட்கார்ந்தாள். அன்று பால்கனியில் எண்ணை அழுத்தித் துண்டித்ததை எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். வெளியே கட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள். கடைசியில், "உடம்பைப் பார்த்துக்கோ" என்று மட்டும் அனுப்பிவிட்டு, முதல் ஆளை உள்ளே வரச் சொன்னாள்.