பாலம் காட்டிக்கொடுத்த வயது

வயதை மறைக்க வேண்டிய ஒருவன், பெண் பார்க்கப் போன இடத்தில் வயதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பானா? நான் பேசினேன். அவ்வளவு புத்திசாலி.

பத்து வருடங்களுக்கு முன் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் நடந்தது இது. எனக்கு நாற்பத்தொரு வயது. தரகர் பெண் வீட்டில் முப்பத்து நான்கு என்று சொல்லிவைத்திருந்தார். பெண்ணுக்கு முப்பத்தொன்று. அக்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்து அண்ணனோடு ஃபெரியில் வந்திருந்தாள். அந்த அண்ணன் என்னைவிடச் சின்னவர். தேநீர்க் கடையில் உட்கார்ந்துகொண்டு, "சும்மா நடந்து பேசிட்டு வாங்க தம்பி" என்றார். கூசாமல், "சரிங்கண்ணே" என்றேன்.

பேச்சு என் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்று கட்டடங்களைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தீவில் வெள்ளைக்காரன் கட்டியதில் கோட்டைதான் மூத்தது என்றேன். ஆனால் தாஜ்மகால் முன்னால் அது பொடியன். தஞ்சைப் பெரிய கோயில் முன்னால் தாஜ்மகாலே கைக்குழந்தை. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் மாரியம்மன் கோயிலுக்கு மூத்தது, மணிக்கூண்டு எல்லோருக்கும் கடைக்குட்டி. அவள் 'ம்' கொட்டிக்கொண்டே வந்தாள்.

ஃபெரி வந்து நிற்கும் படகுத்துறைப் பக்கம் வந்ததும் தூரத்தில் பினாங்குப் பாலம் தெரிந்தது. அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

"இது தொறந்த வருஷம் அப்பா மோட்டார் சைக்கிள்ல என்னைக் கூட்டிட்டுப் போனாரு. நாலாம் வகுப்பு படிச்சேன். காத்துல என் தொப்பி கடலுக்குப் போயிருச்சு."

அன்று மனசிலிருந்து வந்த பேச்சு அது ஒன்றுதான்.

அவள் நின்றாள். "பாலம் தொறந்த வருஷந்தான் நான் பொறந்தேன்."

தரகர் கணக்குப்படி எனக்கு அப்போது மூன்று வயதுதான். அசல் வயதைச் சொன்னேன். தலைச்சாயத்தையும் சேர்த்தே ஒப்புக்கொண்டேன். அடுத்த ஃபெரியில் ஏறிவிடுவாள் என்று நினைத்தேன். அண்ணனிடம் நீங்களே சொல்லுங்கள் என்றாள். போய்ச் சொன்னேன்.

"அப்ப நான்தான் உங்கள அண்ணேன்னு கூப்பிடணும்லா" என்றவர், தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் கடைக்காரரிடம் எனக்கும் ஒரு தேநீர் சொன்னாள்.

இப்போது என் தலை முழு வெள்ளை. பழைய கட்டடங்களுக்கு நடுவே அவளோடு நடக்கும்போது அது உறுத்துவதே இல்லை; அந்தக் காலைப்பொழுது மட்டும் திரும்பக் கிடைக்காதா என்றிருக்கிறது. போன மாதம் அதே படகுத்துறையில் நின்று கேட்டேன், முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று.

"அவ்ளோ தூரம் வெயில்ல நடந்திருக்க வேணாம்" என்றாள்.