குளிர் பழகிய கோதுமை

இத்தாலியின் பலெர்மோவில் எங்கள் முதல் குளிர்காலம் முழுவதும் என் கணவருக்கு ஹீற்றரே கதி. வாயைத் திறந்தால் ஊருக்குத் திரும்பும் கதைதான்.

தை மாதத்தில், நான் வேலை செய்த வீட்டு எசமானி சிஞ்ஞோரா தன் மலையடிவாரப் பண்ணை வீட்டைக் கழுவித் துடைக்க எங்கள் இருவரையும் காரில் கூட்டிப் போனார். கோதம்பமாவில் புட்டு அவித்துப் பழகிய நான் கோதுமைப் பயிரை அன்றுதான் கண்டேன். முந்தின நாள் இரவு உறைபனி படிந்திருந்தது. இலைகள் நுனி கருகி மண்ணோடு படுத்துக் கிடந்தன.

"பாரும், எல்லாம் செத்துப்போச்சு. இஞ்சை இருந்தால் நாங்களும் இப்பிடித்தான்," என்றார் கணவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பயிரைப் பிடுங்கி, மண்ணுக்குள் இருந்த அடியை நகத்தால் பிளந்தேன். வெள்ளையாக, இறுக்கமாக இருந்தது. நடுவில் ஒரு பச்சைக் குருத்து.

"கார்த்திகையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்ததால் பயிர் பழகிவிட்டது. திடீரென்று உறைந்திருந்தால் போயிருக்கும்," என்று சிஞ்ஞோரா விளக்கினார்.

"இஞ்சருங்கோ, கேட்டியளே?" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் ஹீற்றரின் சூட்டைக் கொஞ்சம் குறைத்தேன். நாளுக்கு நாள் இன்னும் குறைத்து, இரண்டு கிழமையில் வயரைச் சுற்றிக் கட்டி, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.