பாதி மோதிரப் பாட்டு

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மூடுபனி நாங்கள் குடியேறிய ஊரின் துன் ஏரியை முழுதாக மறைத்துவிடும் மாதங்களில், எங்கள் அடுக்குமாடியின் நிலவறையில் இருந்த சலவை அறைக்குப் போவது எனக்குப் பிடிக்கும். இதமான சூடு, சவர்க்கார வாசம், சுழலும் இயந்திரங்களின் முனகல். கண்ணை மூடினால் எந்த நாட்டில் நிற்கிறேன் என்பதே மறந்துபோகும்.

சலவை இயந்திரத்துக்கு வீட்டுக்கொரு முறை; எனக்கு அடுத்த முறை மேல்மாடி ஆங்கிலேயப் பெண்ணுக்கு. இந்த ஊர்க்காரரைக் கட்டி வந்தவள். ஒருநாள் அவள் நேரத்தோடே வந்துவிட்டாள். என் படுக்கை விரிப்பின் மறுமுனையைப் பிடித்து மடிக்க உதவியபடி ஏதோ பாடினாள். தாலாட்டுமல்ல, ஒப்பாரியுமல்ல, இரண்டுக்கும் நடுவே அசைந்துகொண்டிருந்தது அந்த மெட்டு.

"என்ன பாட்டு அது?" என்று ஜெர்மனில் கேட்டேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த அரைகுறை மொழி அதுதான்.

தன் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பாடும் கதைப்பாட்டு என்றாள். அதை இயற்றியவர் யாரென்று தெரியாதாம். கடலோடி ஒருவனுக்காக ஒரு பெண் காத்திருக்கிறாள். போகும்போது அவன் ஒரு மோதிரத்தை இரண்டாக உடைத்து, பாதியை அவளிடம் கொடுத்திருந்தான். வருடங்கள் ஓடுகின்றன. முன்பின் தெரியாத ஒருவன் வந்து, அவன் செத்துவிட்டான், என்னைக் கட்டிக்கொள் என்கிறான். அவள் மறுக்கிறாள். அப்போது அவன் மற்றப் பாதியை எடுத்துக் காட்டுகிறான். வந்தவன் அந்தக் கடலோடியேதான்.

"அவளுக்கு முகம் தெரியவில்லையா?"

"அந்தக் காலத்தில் கப்பலில் போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் வராது. சிலரைக் கடற்படைக்குப் பலவந்தமாகவே பிடித்துக்கொண்டு போனார்கள். வெயிலும் காய்ச்சலும் முகத்தையே மாற்றிவிடும். காத்திருந்த பெண்களின் பயம்தான் இந்தப் பாட்டு என்று நினைக்கிறேன்."

எனக்குக் கடலோடிமேல் கோபம் வந்தது. "காத்திருந்தவளை எதற்குச் சோதிக்கவேண்டும்?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. தானும் அதை யோசித்ததுண்டு என்றாள்.

நான் சூரிச் விமான நிலையத்தில் வந்திறங்கிய நாள் நினைவுக்கு வந்தது. கலியாணம் முடித்த கையோடு நாட்டைவிட்டு வெளிக்கிட்ட கணவரைப் பல வருடங்களின் பின் பார்க்கப்போகிறேன். கண்ணாடிக் கதவு திறந்தது. கறுப்புக் கோட்டோடு, முன்தலை வழுக்கை விழுந்து நின்ற ஒருவரைக் கடந்து, கூட்டத்துக்குள் அவரைத் தேடிக்கொண்டு போய்விட்டேன். கொஞ்சம் கழித்துத்தான் பின்னாலிருந்து என் பெயர் கேட்டது.

பாட்டைக் கேட்ட அன்று மாலை, ஹோட்டல் சமையலறையில் வேலை முடிந்து வந்த கணவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக் கதையைச் சொன்னேன்.

"அந்தக் கடலோடி ஒரு விசரன். வந்த உடனை நான்தான் எண்டு சொல்லியிருக்கலாம்தானே?" என்றேன்.

அவர் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்.

"நீர் எயாப்போட்டிலை என்னைக் கடந்து போகேக்கை, நானும் உடனை கூப்பிடேல்லை."

"ஏன், சோதிச்சனீங்களோ?"

"இல்லையப்பா. நீர் தேடின ஆள் நானில்லையெண்டு பட்டுது. திரும்பிப் போயிடுவீரோ எண்டு பயமாக் கிடந்தது."

அந்தக் கடலோடியும் பயத்தில்தான் அந்நியனாக வந்து நின்றானோ என்று தோன்றியது.

"மோதிரத்தைக் கண்டாப்பிறகு அவள் என்ன சொன்னவளாம்?" என்று கேட்டார்.

"தெரியாது. பாட்டு மோதிரத்தோடை முடியுதாம்."

அன்றுதான் முதல்முறையாக, நானில்லாத வருடங்களைப் பற்றி அவர் கதைக்கத் தொடங்கினார். வந்த புதிதில் வேறு ஆட்களோடு முறைவைத்துப் படுத்த கட்டிலை, பாத்திரம் கழுவிக் கை வெடித்த குளிர்காலத்தை, என் படத்தைப் பார்க்காமலே விட்ட மாதங்களை. வெளியே இருட்டிவிட்டது. விளக்கைப் போட எழும்ப மனமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.