மூணு மணி மாத்திரை

1. காலர் மெஷின்

"மதினி, இசக்கி விழுந்துட்டா!" என்று சத்தம் கேட்டபோது நான் செக்கிங் டேபிளில் நின்று பட்டன்களை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப் போனேன். காலர் மெஷினுக்குக் கீழே இசக்கி சுருண்டு கிடந்தாள். தைத்துக்கொண்டிருந்த கறுப்புச் சட்டையின் காலர் ஊசியிலேயே மாட்டித் தொங்கியது. முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்தாள், உட்கார்ந்த கையோடு வாந்தி எடுத்தாள்.

தாராவியில், தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், இரும்பு ஏணி ஏறிப் போகிற மாடியில் எங்கள் கம்பெனி. முதலாளி எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. தையலுக்கு பதினாலு பெண்கள். அவர்களுக்கு சூப்பர்வைசர் நான், பேச்சியம்மாள்; அவர்கள் வாயில் மதினி. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கோபம் எப்போதும் மூக்கு நுனியில்.

இசக்கியை லேபர் கேம்ப் முனையில் இருக்கும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அங்கே டாக்டரம்மா பக்கத்து மாட்டுங்காவிலிருந்து வரும் தமிழர். நிதானமாகத்தான் கேட்டார்.

"வலி மாத்திரை ஒரு நாளைக்கு எத்தனை போட்டுக்கறே?"

"ஒண்ணுதான் டாக்டர்."

"பொய் சொல்லாதே. நான் ஒண்ணும் திட்டப் போறதில்லே."

இசக்கி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "வேலையில மூணு மணிக்கு மதினி ஒண்ணு தருவாவ. காலையில ஒண்ணு, படுக்கப் போகையில ஒண்ணு நானா போட்டுக்கிடுவேன். ரொம்ப வலிச்சா இன்னொண்ணு. ஒரு வருஷமா இப்பிடித்தான்."

மறுநாள் ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை ரிசல்ட் வந்தது. டாக்டரம்மா தாளை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துத்தான் பேசினார். "கிட்னி களைச்சுப்போக ஆரம்பிச்சிருக்கு. இப்பவே நிறுத்திட்டா சரியாயிடும். இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்கோங்கோ. தினம் மாத்திரை போட்டா, அந்த மாத்திரையே தலைவலியைக் கூட்டிண்டு வரும். நிறுத்தின முதல் நாலஞ்சு நாள் உயிர் போற மாதிரி வலிக்கும். அதைத் தாண்டிட்டா குறையும். தண்ணி நிறையக் குடிக்கணும். யூரின் எண்ணெய் கணக்கா இருக்கு."

நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அடுத்த புதன் ஷிப்மென்ட் பேச்சி. காலருக்கு அவள விட்டா ஆளில்ல. சரி, ஒன் மொகத்துக்காகத் திங்கக்கெழம வரைக்கும் பாக்கேன். அன்னைக்கு வந்து நேரா ஒக்காந்து தைக்கலன்னா அந்த மெஷின்ல வேற ஆளு ஒக்காருவான். பொறவு என்னைக் கொற சொல்லப்பிடாது."

இசக்கியின் புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அந்த மெஷின்தான் அவர்களுக்குச் சோறு. அன்று புதன். திங்கட்கிழமைக்குள் மாத்திரை இல்லாமல் அவள் தலைவலியை இறக்கியாக வேண்டும்.

2. நான் செய்த இரண்டு காரியங்கள்

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ பெரிய புண்ணியவதி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

எங்கள் மாடியில் கக்கூஸ் கிடையாது. ஏணியில் இறங்கி, சந்து திரும்பி, ரோட்டோரம் இருக்கும் பொதுக் கழிப்பறைக்குத்தான் போக வேண்டும். அங்கே வரிசை வேறு நிற்கும். போய் வர கால் மணி நேரம் ஆகும். முன்பெல்லாம் பெண்கள் மூன்று பேர், நாலு பேர் என்று சேர்ந்து போவார்கள். லைன் நின்றுவிடும். அண்ணாச்சி என்னைத்தான் பிடுங்குவார். நான் ஒரு யோசனை செய்தேன். தீர்ந்துபோன நூல் கோன் ஒன்றில் சிவப்பு நாடாவைச் சுற்றி, என் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன். அதுதான் டோக்கன். அது கையில் இருப்பவள் மட்டும் கீழே போகலாம். அவள் வந்து மாட்டிய பிறகுதான் அடுத்தவள். ஒரே வாரத்தில் புரொடக்‌ஷன் ஏறிவிட்டது. "நீதாம்மா சூப்பர்வைசர்!" என்றார் அண்ணாச்சி. எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிங் மாஸ்டருக்கும் இஸ்திரி போடுகிறவருக்கும் டோக்கன் கிடையாது. எனக்கும் கிடையாது.

இரண்டாவது, மாத்திரை டப்பா. மத்தியானம் மூன்று மணி ஆனால் ஒவ்வொருத்தியாக வந்து நிற்பாள். "மதினி, தலை இடிக்கி." நான் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று கொடுப்பேன். வாங்கிக்கொண்டு, "நல்லா இருப்பீங்க மதினி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மூணு மணி மாத்திரை என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

3. புதன், வியாழன்

அந்த நாட்களில் இசக்கியை மெஷினில் உட்கார வைக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டும் வேலை கொடுத்தேன். காலரை இன்னொருத்தி தைத்தாள். அவள் கை மெதுவான கை. பண்டில்கள் குவிந்துகொண்டே போயின.

எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவளை வரும்போதே பிடித்து இரண்டு இட்லி தின்ன வைத்தேன். வீட்டில் காலையும் ராத்திரியும் அவள் குடிக்கிற அஞ்சு டீயை ரெண்டாகக் குறைக்கச் சொன்னேன். ஈரத் துண்டைப் பிழிந்து பிடரியில் போட்டேன். நெற்றிப் பொட்டில் தைலம் தேய்த்து துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினேன். அவள் காலர் மெஷினுக்கு நேர் மேலே இருந்த ட்யூப்லைட் நாளெல்லாம் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது; ஒரு வருஷமாகப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அதை மாற்றச் சொன்னேன். டாக்டரம்மா சொன்னபடி பெரிய பாட்டிலில் குழாய்த் தண்ணீர் நிறைத்து, "சாயங்காலத்துக்குள்ள இது காலியாயிருக்கணும்" என்று பக்கத்தில் வைத்தேன்.

பாட்டில் என்னவோ காலியானது. வலிதான் போகவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே என் மேஜைக்கு வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ஒண்ணே ஒண்ணு குடுங்க மதினி. ஒங்க காலப் பிடிச்சுக் கேக்கேன். மண்டையப் பொளக்கு."

"தர மாட்டேன். போ, போயி உக்காரு."

"பாதியாவது தாங்க."

"என்னட்டி, சாவணும்னு ஆசையா? ஒம் பிள்ளைகள யாருட்டி பாப்பா? நானா?" என்று கத்திவிட்டேன். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். டப்பா சாவி என் முந்தானையில் முடிந்திருந்தது. அதை அவிழ்த்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. ஏணியில் இறங்கிப் போய், சாவியைக் கீழே டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

4. வெள்ளைப் புள்ளி

வெள்ளிக்கிழமை காலை செக்கிங் டேபிளில் ஒரு சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். கறுப்புத் துணியில் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. புதன்கிழமை ஷிப்மென்ட்!

எங்களிடம் இருந்தது ஸ்டீம் அயர்ன். மேலே ஒரு குப்பி தொங்கும்; அதிலிருந்து தண்ணீர் இறங்கி ஆவியாக வரும். அதற்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது, உப்புக் கக்கும். அதற்கென்று தனியாகக் கேன் தண்ணீர் வாங்கி வைத்திருந்தோம். நேராக இஸ்திரி போடும் சலீம் சாச்சாவிடம் போய் எகிறினேன்.

"என்ன தண்ணி ஊத்துனீங்க சாச்சா?"

"கேன் தண்ணிதான் தீதி, கசம் சே, சத்தியமா! ஆனா ஒரு அஜீப் பாத், அதிசயம். ரெண்டு நாளா நான் கேனத் தொடவே இல்ல. குப்பி தானா ரொம்புது."

தானாக நிரம்புமா? கட்டிங் டேபிளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பதினோரு மணிக்கு சாச்சா டீ குடிக்க இறங்கினார். இசக்கி எழுந்தாள். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தாள். நான் நிறைத்துக் கொடுத்த பாட்டிலைத் திறந்து, குப்பியில் மடமடவென்று ஊற்றினாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. போய்க் கையைப் பிடித்தேன்.

"அடிப்பாவி! ஒங் கிட்னிக்குன்னு குடுத்த தண்ணிய அயர்னுக்கா ஊத்துத? எங்கண்ணுல மண்ணத் தூவுதியா?"

அவள் பாட்டிலைப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். பக்கத்து மெஷினில் இருந்த செல்விதான் தலையைக் குனிந்தபடியே சொன்னாள்.

"குடிச்சா எந்திரிக்கணும்லா மதினி. டோக்கனுக்குக் காத்துக் கெடக்கணும். நாங்க யாருமே வேலையில தண்ணி குடிக்கிறதில்ல. காலையில வீட்டுல ஒரு வாய் குடிப்போம். பொறவு சாயங்காலம் வீட்டுக்குப் போயித்தான்."

மற்றவர்களைப் பார்த்தேன். ஒருத்தியும் நிமிரவில்லை. பதினாலு பேரும் மே மாசத்து வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, தண்ணீர் இல்லாமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று மணிக்குத் தலை இடிக்காமல் என்ன செய்யும்? தொண்டை வறண்டு கிடக்கிறவர்களுக்கு நான் மாத்திரை கொடுத்து நல்ல பேர் வாங்கியிருக்கிறேன். சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

ஆணியில் தொங்கிய கோனை எடுத்து, வெட்டுத் துணி மூட்டைக்குள் போட்டு அமுக்கினேன். "இனிமே யாரும் எங்கிட்டக் கேக்க வேண்டாம். வந்தா எந்திரிச்சுப் போங்க" என்றேன். முதலில் செல்வி எழுந்து போனாள்.

5. அண்ணாச்சி

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். நாலு நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்ததும் முகம் மாறியது.

"டோக்கன் எங்க?"

"தூரப் போட்டுட்டேன் அண்ணாச்சி."

"ஷிப்மென்ட் நேரத்துல லாஃப்டா, வம்பு பண்ணாத பேச்சி. எடுத்து மாட்டு."

"மாட்ட மாட்டேன். பொம்பளைங்க ஒண்ணுக்குப் போவப் பயந்து தண்ணி குடிக்காம கெடக்காங்க. ஒருத்தி விழுந்தாச்சு. அடுத்து யாரு விழணும்?"

"டார்கெட் போச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?"

"நான் சொல்லுதேன். போச்சுன்னா என்னைய நிறுத்திருங்க. ஆனா இசக்கி மெஷினத் தொடாதீங்க. அவ வலி நான் வச்ச வலி."

வாய் பேசிவிட்டது. எனக்கும் வேறு வேலை கிடையாது. "ரெண்டு பேரும் சேந்து போவியோ" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணாச்சி ஏணியில் இறங்கிப் போனார். வேலை உண்டா இல்லையா என்று அதிலிருந்து தெரியவில்லை.

சனிக்கிழமை இசக்கி முழுப் பாட்டிலையும் என் கண் முன்னால் குடித்தாள். நாலு தரம் கீழே போய் வந்தாள். வலி இருந்தது, ஆனால் அழவில்லை. ஞாயிறு பூராவும் தூங்கினாளாம். திங்கட்கிழமை காலை வந்ததும் காலர் மெஷினில் உட்கார்ந்தாள். அண்ணாச்சி அவள் பின்னால் கை கட்டி நின்றார். அவள் ஒரு காலரைத் தைத்தாள், திருப்பினாள், முனையை நிமிர்த்தினாள், அடுத்ததை எடுத்தாள். பத்துப் பன்னிரண்டு காலர் வரைக்கும் பார்த்துவிட்டு அவர் கட்டிங் டேபிள் பக்கம் நகர்ந்தார். மெஷின் அவளுக்கே நிலைத்தது. புள்ளி விழுந்த சட்டைகளைத் துவைத்து மறுபடி இஸ்திரி போட்டதில் ஷிப்மென்ட் ஒரு நாள் தாமதமாகத்தான் போனது. ஒரு வாரம் அண்ணாச்சி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னை நிறுத்தவும் இல்லை.

6. இசக்கி சொன்னது

ஒரு மாதத்தில் மூணு மணிக்கு வந்து நிற்பவர்கள் ஒருத்தி, ரெண்டு பேர் என்று ஆகிவிட்டார்கள். அப்படியும் தீராதவர்களை டாக்டரம்மாவிடம் அனுப்பினேன். இசக்கியின் கிட்னி சரியாகிவிட்டது என்று ரிசல்ட் வந்த அன்று இருவரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். மனசில் வைத்திருந்ததை அன்று சொல்லிவிட்டேன்.

"ஏட்டி இசக்கி, அந்த டோக்கன் அண்ணாச்சி கொண்டாந்ததில்ல. நான் கொண்டாந்தது."

"தெரியும் மதினி. எல்லாருக்கும் தெரியும்."

"பொறவு ஏன்ட்டி ஒரு வார்த்த சொல்லல? ஒரு வருஷமா தலைவலி, தலைவலின்னு மட்டுந்தானே சொன்ன?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை.

"தலைவலின்னா மாத்திரை தந்தீங்க மதினி. ஒண்ணுக்குப் போவணும்னா மொறச்சீங்க."

இப்போது லைனில் புதிதாக சூப்பர்வைசராக நிற்கும் பிள்ளைகள், தைக்கிறவள் ஒருத்திக்குத் தலைவலி என்றால் என்ன செய்வது என்று என்னைக் கேட்பதுண்டு. சாப்பிட்டாளா, தண்ணீர் குடித்தாளா, தூங்கினாளா என்று விசாரிக்கச் சொல்வேன். ஆனால் அவள் உங்களைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்றால், கேட்டதற்கெல்லாம் ஆமாம், ஆமாம் என்றுதான் சொல்லுவாள். முதலில் அதைச் சரி பண்ணுங்கள்.